மரியாதைக்குக் குடித்த தேத்தண்ணி

காலை பத்து மணி இருபது. மருந்தக ஜன்னலின் சிறிய வளைவுக்குள் முதலில் தெரிந்தது மருந்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அது படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. மின்சாரம் போயிருந்ததால் மேலே விசிறியும் நின்றிருந்தது.

அடுத்து, துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத வெள்ளை நீளக்கைச் சட்டை. மணிக்கூட்டுப் பட்டிக்குக் கீழே வியர்வை வழிந்திருந்தது. நடுக்கம் விரல்களில் தொடங்கவில்லை, முழங்கையிலிருந்தே வந்தது. அவர் மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது இரண்டும் ஆடின.

முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அறுபது வயதை ஒட்டிய மனிதர். தொப்பி, சீராக வெட்டிய நரைத்த தாடி, கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர். பெயர் வேண்டாம். ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் அழைத்தது. நானும் அப்படியே சொல்கிறேன். வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம். வாவிக்கரையில் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்று.

துண்டில் இரண்டு மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று விட்டமின் பி1. மற்றது உடலையும் மனதையும் அமைதிப்படுத்தும் ஒரு மாத்திரை. தனித்தனியாக வந்தால் இரண்டும் சாதாரணம். சேர்ந்து, அந்த அளவில் வந்தால், எழுதிய வைத்தியர் என்ன நினைத்தார் என்பது நம் தொழிலில் உள்ள எவருக்கும் விளங்கும். நெடுநாள் மது குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் இப்படித்தான் நடுங்கும், வியர்க்கும், தூங்காது. அதற்குக் கொடுப்பது இந்த இரண்டும்.

அவர் ஜன்னலுக்குள் முகத்தைக் கொண்டுவந்தார்.

“தங்கச்சி, மெல்லமாச் சொல்லுங்க. இது குடிகாரருக்குக் குடுக்கிற மருந்தா?”

இந்த வருடம் மருந்தகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் மாத்திரைகளின் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனால் இப்படி ஒரு கேள்வி ஜன்னலுக்குள் வரும் நாள் உங்களுக்கும் வரும். பின்னால் வரிசை நிற்கும். அந்த நாளுக்காக இதை எழுதுகிறேன்.

“ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க?” என்றேன்.

“அந்தத் தம்பி டொக்டர் கேட்ட, குடிப்பீங்களா எண்டு. இல்ல எண்ட. மறுகாவும் கேட்ட. என்ட வாழ்க்கையில தொட்டதில்ல எண்ட. புறகு இத எழுதித் தந்து, முதல் குளிசய இப்பவே போட்டுட்டு வாட்டுல படுங்க எண்ட. எனக்குப் பின்னால எங்கட ஊர் ஆள் ரெண்டு பேர் நிண்ட.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வாற வெள்ளிக்கிழம என்ட கடைசி மகள்ட கலியாணம்.”

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், வார்த்தையிலும் நடத்தையிலும் கண்டிப்பானவர் என்று பிறகு அறிந்தேன். அந்த ஊரில் ஒரு பேச்சு ஆட்டோவை விட முன்னால் போய்ச் சேரும். மருந்து ஈரலுக்குள் போகும் முன்பே செய்தி அந்த வீட்டுக்குள் போயிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இளம் வைத்தியர் கண்ணில் கண்டதை வைத்துத்தான் முடிவெடுத்தார். நடுக்கம், வியர்வை, வேகமான நாடி, இரண்டு இரவாக நித்திரை இல்லை. “குடிப்பதில்லை” என்ற பதில் குடிப்பவர்களும் சொல்வதுதான். தொப்பியும் தாடியும் ஆதாரம் அல்ல. அவர் நினைத்தது சரியாக இருந்து மருந்து கொடுக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். “பாவம், நல்ல மனிசன்” என்று நினைத்து அந்தத் துண்டை ஒதுக்கிவைக்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

மருந்தாளர் பயிற்சிக்குப் போவதற்கு முன் நான் மட்டக்களப்பில் ஒரு வார இதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் உதவி ஆசிரியர் இருந்தார். கோபக்காரர். என் முதல் செய்தியை, ஒரு தோணி கவிழ்ந்த செய்தி அது, என் கண்ணெதிரே கிழித்தார். “நீ நினைச்சத ஆர் கேட்டது? கண்டத முதல்ல எழுது. கேட்டத அதுக்குப் பிறகு எழுது. நினைச்சத வீட்ட கொண்டுபோ” என்றார். இன்னொன்றும் சொல்வார்: ஒருவர் இல்லை என்று சொன்னால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காதே, நேற்று என்ன நடந்தது என்று கேள். இதழ் நின்றுபோனது. அவர் எங்கே போனார் என்று தெரியாது. மருந்தகத்தில் இருந்த காலம் முழுவதும் அவருடைய கட்டளையில்தான் வேலை செய்தேன்.

ஹாஜியாரை உள்ளே கூப்பிட்டு, மருந்துப் பெட்டிகளுக்கு இடையே இருந்த கதிரையில் இருத்தினேன். ஜன்னலை என்னோடு வேலை செய்த பெண் பார்த்துக்கொண்டாள்.

“வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். சிப்ரோஃப்ளொக்சசின். ஒன்றுக்குப் போகும்போது எரிவு என்று ஒரு தனியார் வைத்தியரிடம் போயிருக்கிறார். அவர் சிறுநீர்த் தொற்று என்று கொடுத்திருக்கிறார். சரியான மருந்து, சரியான அளவு.

அட்டையைக் கண்டதும் எனக்குள் ஒரு மணி அடித்தது. ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கும் தியோஃபிலினோடு இந்த மருந்தைச் சேர்க்கக்கூடாது என்பது நமக்கு மனப்பாடம். தியோஃபிலினுக்கு ஓர் உறவுக்காரர் இருக்கிறார், கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன்.

“கோப்பி குடிப்பீங்களா, ஹாஜியார்?”

“கோப்பி எனக்கு ஒத்துவாரல்ல. தொட மாட்டன்.”

“தேத்தண்ணி?”

“காலயில ஒண்டு. பின்னேரம் அசர் தொழுதுட்டு வந்து ஒண்டு.”

இரண்டு கோப்பை. அதனால் இந்த நடுக்கம் வராது. அடித்த மணி நின்றுவிட்டது. துண்டைக் கையில் எடுத்தேன். பி1 இருந்த தட்டுக்குக் கை நீட்டியும் விட்டேன்.

அப்போது மருந்தகக் கதவில் ஒருவர் தலையை நீட்டினார். ஹாஜியாரின் மனைவியின் தம்பி. வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில் வயல் செய்பவர். ஊரில் மச்சானுக்கு மச்சான் கேலி பேசுவது கடமை.

“என்ன மச்சான், மருந்து எடுக்க வந்தயா, மருந்துக்கடய வெல பேச வந்தயா? இன்னும் எத்தின ஊடு பாக்கி இரிக்கி. ஆர் போய்ச் சொல்றது?”

“என்ன சொல்றது?” என்று நான் கேட்டேன்.

“கலியாணம், மிஸ். ஞாயிற்றுக்கிழமையில இருந்து நானும் இவரும் ஊடு ஊடாப் போய்க் கலியாணம் சொல்லிட்டுத் திரியிறம். கலியாணக் காட்ட மட்டும் குடுத்தனுப்பினா மதிக்க மாட்டாங்க. நேர போய், இரிந்து, சொல்லணும்.”

துண்டைக் கீழே வைத்தேன்.

“ஹாஜியார், நேற்று விடிஞ்சதில இருந்து சொல்லுங்க. முதல் எந்த ஊடு?”

“பெரிய தாத்தாட ஊடு.” அங்கே தாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன்.

“என்ன தந்தாங்க?”

“வட்டிலப்பம் வெச்ச. தேத்தண்ணி தந்த.”

“குடிச்சீங்களா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் நல்ல குடும்பத்தில் பிறந்தவள்தானா என்ற சந்தேகம் இருந்தது. “குடிக்காம எழும்பேலுமா தங்கச்சி? கலியாணம் சொல்லப் போன ஊட்டுல தேத்தண்ணி குடிக்காம வந்தா, அந்த ஊட்டாக்கள் கலியாணத்துக்கு வருவாங்களா?”

“அடுத்த ஊடு?”

சொன்னார். அதற்கு அடுத்ததைச் சொன்னார். இடையிடையே மைத்துனர் திருத்தினார். “நடுவுல காக்காட மருமகன்ட ஊட்ட விட்டுட்டீங்க. அங்க ரெண்டு தரம் ஊத்தின.” நேற்றைய நண்பகல் லுஹர் தொழுகைவரை கதை வரும் முன்பே நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு எண்டு எனக்குச் சொன்னீங்களே?”

“அது எங்கட ஊட்ட நான் குடிக்கிறது. இது குடிக்கிறதில்ல தங்கச்சி.” பொறுமையாக விளக்கினார். “இது மரியாத.”

“மச்சான்ட வயித்துக்குத்தான் மரியாதையும் தெரியா, ஒண்டும் தெரியா” என்றார் மைத்துனர்.

“பால்த் தேத்தண்ணியா, பிளேன்ரீயா?”

“பிளேன்ரீ. இந்தக் குளிசையோட பால் சேக்க வேணாம் எண்டு இதத் தந்த பிரைவேட் டொக்டர் சொன்ன. அதுக்குப் புறகு பால் தொடல்ல. எல்லா ஊட்டுலயும் பிளேன்ரீ கேட்டு வாங்கின. பொண்ணுட வாப்பா கேக்காரு எண்டு சாயத்தக் கூட்டித் தாறாங்க.”

நல்ல அறிவுரை. பால் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த அறிவுரையை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

நான் மைத்துனர் பக்கம் திரும்பினேன். “நீங்களும் கூடப் போனீங்கதானே. நீங்க குடிக்கல்லயா?”

“குடிக்காம? அவர் குடிச்ச ஊடெல்லாம் நானும் குடிச்ச. எனக்கு என்ன, படுத்தா மாடு மாதிரி நித்திர.”

“ரெண்டு பேரும் கைய நீட்டி இந்த மேசைக்கு மேல பிடிங்க.”

பிடித்தார்கள். இரண்டு கைகள், பக்கம் பக்கமாக. ஒரே வீடுகளுக்குப் போன கைகள். ஒரே கேத்தலிலிருந்து ஊற்றிய தேத்தண்ணியை வாங்கிய கைகள். மைத்துனரின் கை, வயல் மண் ஏறிய நகங்களோடு, கல்லில் வைத்ததுபோல நின்றது. ஹாஜியாரின் கை பறவைக்குஞ்சு போலத் துடித்தது. இரண்டுக்கும் இடையில் மேசையில் கிடந்தது அந்த மாத்திரை அட்டை. மைத்துனர் கேலியை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணிக்கொடுத்து வந்த மாத்திரை அது. பெருவிரல் நகத்தளவு. அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டால் ஒப்புவித்திருப்பேன்: கிருமியைக் கொல்கிறது, கூடவே ஈரலில் உள்ள ஒரு நொதியத்தைத் தடுக்கிறது. அந்த நொதியத்துக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் உண்டு. நாம் குடிக்கும் ஒவ்வொரு தேத்தண்ணியையும் அதுதான், நமக்குத் தெரியாமல், நன்றி எதிர்பாராமல், பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. காலையில் குடித்ததன் பெரும்பகுதி மாலைக்குள் வெளியேறிவிடும். அதனால்தான் இந்த நாட்டில் இத்தனை பேர் இத்தனை கோப்பை குடித்துவிட்டுத் தூங்க முடிகிறது. ஹாஜியாரும் மூத்த மகள்மாரின் கலியாணங்களுக்கு இதே வீடுகளில் இதே அளவு குடித்தவர்தான். அப்போது ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை கதவு பாதி சாத்தியிருந்தது. நேற்றைய தேத்தண்ணி போய் முடிவதற்குள் இன்றைய தேத்தண்ணி வந்தது.

இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் ஒரு மனிதரின் கையில் அதைக் கண்டது அன்றுதான்.

ஆனாலும் அது நான் நினைத்தது. உதவி ஆசிரியரின் கணக்கில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனேன். அறைக்குள் நோயாளர்கள் இருந்தார்கள். “டொக்டர், அஞ்சு நிமிசம் வெளியில வரலாமா?” என்றேன். அவர் எழுந்து வந்தார். இதையும் கவனியுங்கள். அறைக்குள் வைத்துச் சொல்லியிருந்தால், சொன்னது சரியாகவே இருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சட்டைப் பையில் இருந்த மாத்திரையைச் சொன்னேன். வீடு வீடாகக் குடித்ததைச் சொன்னேன். இரண்டு கைகளையும் சொன்னேன். அதோடு நிறுத்தினேன்.

அவர் சுவரில் சாய்ந்தார். இரவுக் கடமையும் செய்தவர் என்று கண்களில் தெரிந்தது. “தியோஃபிலினோட சிப்ரோ குடுக்கக்கூடாது எண்டு தெரியும் மிஸ். கஃபீனும் அந்தக் குடும்பம்தான். பரீட்சையில எழுதியும் இருக்கிறன்.” திறந்திருந்த கதவு வழியாகத் தன் மேசையைப் பார்த்தார். அங்கே பாதி குடித்த தேத்தண்ணி ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. “ஆனா சிப்ரோ தனியாவும் சிலருக்கு நடுக்கத்தக் குடுக்கும். இல்லாட்டி நான் முதல் நினைச்சதே சரியாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம்” என்றேன்.

“நீங்க நினைக்கிறது பிழையெண்டா இண்டைக்கு இரவு அவருக்கு வலிப்பு வரும்.”

“நீங்க நினைச்சது பிழையெண்டா அவருக்கு ஒரு பேர் வரும், டொக்டர். அது வலிப்பு மாதிரி நிக்காது.”

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றும் மெச்சுகிறேன். இரண்டு சாத்தியத்தையும் கையில் பிடித்துக்கொண்டே முடிவெடுத்தார். வார்டில் அனுமதித்து இதயத் துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். சிப்ரோவை நிறுத்தி வேறு நுண்ணுயிர்க்கொல்லி எழுதினார். தேத்தண்ணி, கோப்பி, கோலா எதுவும் கூடாது என்றார். அமைதிப்படுத்தும் மாத்திரையை ரத்துச் செய்யவில்லை. தாதியின் தட்டில் ஆயத்தமாக வைக்கச் சொன்னார். “இப்பவே குடுத்தா எந்தக் காரணமா இருந்தாலும் நடுக்கம் குறையும். எது உண்மை எண்டு ஒருநாளும் தெரியவராது. கூடினாக் குடுப்பம். இல்லாட்டிப் பாத்துக்கொண்டிருப்பம்.”

பார்த்துக்கொண்டிருப்பது எளிதான வேலை இல்லை. அந்த வார்டின் தாதி அன்று அவருடைய கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பார்வையாளர் நேரத்தில் புதிய மருந்தை நானே வார்டுக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. ஹாஜியாரின் கட்டிலருகே உயரமான ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபிளாஸ்க். மைத்துனர் அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“சம்மந்தி, ஊர்ல என்னென்னமோ பறையுறாங்க” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. “நான் ஒண்டும் கேக்க வரல்ல. ஊட்டுல தேத்தண்ணி ஊத்தித் தந்த. குடிங்க.”

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார். கறுப்பாக, ஆவி பறந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தேத்தண்ணியை, மாப்பிள்ளையின் வாப்பாவே ஊற்றித் தரும்போது, வேண்டாம் என்று சொல்லும் சொல் ஹாஜியாரிடம் இல்லை. வைத்தியர் சொன்னது அவருக்குத் தெரியும். இருந்தும் கை நீண்டது. மூடியை வாங்கியது. தேத்தண்ணி விளிம்பைத் தாண்டிப் படுக்கை விரிப்பில் தெறித்தது. மாப்பிள்ளையின் வாப்பா அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

“ஹாஜியார், குடிக்காதீங்க” என்றேன்.

“ஏன்?” பெரியவர் என் பக்கம் திரும்பினார். “என்ட ஊட்டுத் தேத்தண்ணிக்கு என்ன?”

“உங்கட தேத்தண்ணிக்கு ஒண்டும் இல்ல, ஐயா. காரணத்த நான் சொல்லேலாது. அவர்ட வருத்தத்தப் பற்றிச் சொல்ல அவர்தான் விடணும்.”

நான் வாய் மூடியிருந்தால் எதையோ மறைக்கிறோம் என்று ஆகும். கேட்காமல் சொன்னால், அவருடைய கதையை அவர் கையிலிருந்து பறித்த இன்னொருத்தி ஆவேன். காலையில் வரிசையில் நடந்தது போதாதா?

ஹாஜியார் கண்ணை மூடித் திறந்தார். “சொல்லுங்க தங்கச்சி. ஒண்டும் விடாமச் சொல்லுங்க. டொக்டர் முதல்ல என்ன நினைச்ச எண்டதையும் சொல்லுங்க.”

சொன்னேன். அதையும் சொன்னேன். ஈரலைப் பற்றிச் சொல்ல வந்தபோது நொதியம் என்ற சொல் அந்தக் கட்டிலருகே உதவாது என்று தெரிந்தது. மைத்துனரைப் பார்த்தேன்.

“உங்கட வட்டையில எப்ப வெள்ளம் ஏறும்?”

“மழைக்கு.”

“மழை குறைஞ்ச பிறகும் ஏறினா?”

“அப்ப முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும். வாவித் தண்ணி கடலுக்குப் போகேலா. வெட்டி விடுமட்டும் ஏறிக்கிட்டுத்தான் இரிக்கும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கட்டிலில் கிடந்த மச்சானை, முன்பு பார்க்காத ஓர் இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அல்லாஹ். இவர்ட முகத்துவாரத்த இந்தக் குளிசயா மூடின?”

“ஓம், பாதி மூடினது. மருந்த நிப்பாட்டியாச்சு. இனிக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கும் எண்டு நினைக்கிறம்.”

“நினைக்கிறீங்க” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

“ஓம். நாளைக் காலயில தெரியவரும். நாளைக்கு நடுக்கம் குறையாட்டி நாங்க நினைச்சது பிழை.”

அப்படிச் சொன்னதற்காக ஹாஜியாரின் மைத்துனர் என்னை முறைத்தார். ஆனால் உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பெரியவரும் பொய்யை எளிதில் மோப்பம் பிடிப்பவர்போல் இருந்தார்.

அவர் யோசித்தார். பிறகு கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. “அப்ப, நேத்து எங்கட ஊட்டுல இவர் குடிச்ச தேத்தண்ணி இன்னும் இவர்ட உடம்புக்குள்ள இரிக்கா?”

“ஒரு பங்கு இருக்கும்.”

“சுப்ஹானல்லாஹ்” என்றார் மெதுவாக.

“உங்கட ஊட்டுலதான் சாயம் கூட” என்றார் ஹாஜியார்.

மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் வாப்பா சிரிக்கவில்லை. மூடியை ஹாஜியாரின் கையிலிருந்து வாங்கி, மிஞ்சியிருந்ததை ஃபிளாஸ்க்குக்குள் திரும்ப ஊற்றி மூடினார். “நாளைக்குக் காலயில வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போன பிறகு நானும் தேத்தண்ணி குடித்தேன். முதல் மிடறை விழுங்கிவிட்டு வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே எந்தச் சத்தமும் இல்லை. இத்தனை வருடம் இத்தனை கோப்பை. ஒருமுறைகூட அது தன்னைப் பற்றி எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் காலை கடமைக்கு முன்பே வார்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் மூவர் அங்கே இருந்தார்கள். இளம் வைத்தியர், மைத்துனர், மாப்பிள்ளையின் வாப்பா. தாதியின் தட்டில் அமைதிப்படுத்தும் மாத்திரை வைத்தபடியே இருந்தது. ஹாஜியார் சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குச் சற்று முன்வரை தூங்கினார் என்று தாதி சொன்னார்.

வைத்தியர், “கைய நீட்டுங்க” என்றார். ஹாஜியார் நீட்டினார். கேட்காமலே மைத்துனரும் தன் கையைப் பக்கத்தில் நீட்டினார். நடுக்கம் முழுதாகப் போயிருக்கவில்லை. விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஓட்டம் நின்ற இயந்திரத்தில் மிஞ்சும் அதிர்வுபோல. ஆனால் முழங்கை அசையவில்லை. வைத்தியர் ஒரு தாளை எடுத்து அந்தக் கையின் மேல் விரித்து வைத்தார். தாள் விழாமல் கிடந்தது. நாலு பேரும் குனிந்து ஒரு வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாப்பிள்ளையின் வாப்பாதான் முதலில் நிமிர்ந்தார். “இன்னும் எத்தின ஊடு பாக்கி?” என்று மைத்துனரிடம் கேட்டார்.

“கொஞ்சம் இரிக்கி, மாமா.”

“அவர் படுக்கட்டும். நான் வாறன் உங்களோட.”

மாப்பிள்ளையைப் பெற்றவர் பொண்ணு வீட்டுக்காகப் படியேறிக் கலியாணம் சொல்வதை அந்த ஊர் அதற்குமுன் கண்டிருக்கவில்லை என்று மைத்துனர் பிறகு சொன்னார். போன வீடெல்லாம், கலியாணத்துக்கு முன்னால், ஈரலின் கதையைத்தான் பெரியவர் முதலில் சொன்னாராம். முகத்துவாரத்தோடு சேர்த்து.

இளம் வைத்தியர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். இடமாற்றம் பெற்றுப் போகும் முன் ஒருநாள் மருந்தகத்துக்கு வந்து, “மிஸ், இப்ப நான் ஆரிட்டயும் எத்தின கோப்பை எண்டு கேக்கிறதில்ல. நேத்து எங்க போனீங்க எண்டு கேக்கிறன்” என்றார். அதை நானே உங்களுக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் என் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஹாஜியாரும் மாப்பிள்ளையின் வாப்பாவும் இறங்கினார்கள். கலியாணம் சொல்ல வந்திருந்தார்கள். புதிய மருந்து தேத்தண்ணியோடு சண்டை பிடிக்காதது. அளவாகக் குடிக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இருந்தும் நான் மேசையில் முதலில் தண்ணீரை வைத்தேன்.

ஹாஜியார் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்த ஊட்டுல தேத்தண்ணி இல்லயா, தங்கச்சி?”

சாயம் குறைத்து ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தேன். இருவரும் குடித்தார்கள். பெரியவர் வெள்ளிக்கிழமை நேரத்தைச் சொன்னார். ஹாஜியார் கடைசி மிடறையும் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார். சத்தம் கேட்கவில்லை.